இரண்டு மாத்திரை நேரம்

தமிழ் இலக்கணத்தில் ஒரு மாத்திரை என்றால் கண் இமைக்கிற நேரம். அல்லது விரலைச் சொடுக்குகிற நேரம். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்யெழுத்துக்கு அரை. ஸ்கூலில் எல்லோரும் மனப்பாடம் செய்ததுதான்.

என் பக்கத்து சீட் நண்பருக்கு மட்டும் ஒரு மாத்திரை என்றால் பதினைந்து நிமிஷம்!

ஆள் ஆறடி. ஆபீஸ் கிரிக்கெட் டீமில் ஓப்பனிங் பௌலர். முப்பத்திரண்டு வயசில் சர்க்கரை. டாக்டர் மெட்ஃபார்மின் 500 எழுதிக் கொடுத்தார். கேன்டீனில் காலை டிபன் முடிந்ததும் வைபவம் ஆரம்பிக்கும். மாத்திரையை நாக்கில் வைப்பார். அண்ணாந்து ஒரு டம்ளர் தண்ணீர். கண் கலங்கும். இன்னொரு டம்ளர்.

"இறங்கிடுச்சா சார்?"

"தண்ணி இறங்கிடுச்சு சார்."

"வடையை ரெண்டே வாய்ல முடிக்கிறீங்க. இத்தனூண்டு மாத்திரைக்கா இந்தப் பாடு?" என்பார் அக்கவுன்ட்ஸ் செக்‌ஷன் பெரியவர். கேன்டீனே சிரிக்கும்.

பெரியவரின் லாஜிக்கில் ஒரு ஓட்டை உண்டு. வடையை நாம் மெல்கிறோம். 'நொறுங்கத் தின்றால் நூறு வயசு' என்று சின்ன வயசிலிருந்து சொல்லிச் சொல்லி வளர்த்த தொண்டை இது. கெட்டியாக ஏதாவது வந்தால், 'போய் மென்னுட்டு வா' என்று திருப்பி அனுப்புவதுதான் அதற்குப் பழக்கம். காரணமும் இருக்கிறது. உணவுக்குழாயும் மூச்சுக்குழாயும் பக்கத்துப் பக்கத்து வீடு. அட்ரஸ் மாறினால் ஆபத்து. அப்பேர்ப்பட்ட வாட்ச்மேனிடம் போய் ஒருநாள் திடீரென்று, 'இதை மட்டும் மெல்லாமல் உள்ளே விடு, தினமும் விடு, ஆயுசு முழுக்க விடு' என்றால்? பயத்தில் தொண்டை இறுகும். இறுகினால் மாத்திரை நிற்கும். நின்றால் மறுநாள் பயம் இரட்டிப்பு.

அளவும் ஒரு விஷயம்தான். ஜெனரிக் மாத்திரைகள் 22 மில்லிமீட்டருக்கு மேல் நீளம் வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2015-ல் கம்பெனிகளுக்கு அறிவுரை சொன்னது. ஏறக்குறைய ஒரு ரூபாய் நாணயத்தின் அகலம்! ஆகவே ஆறடி ஆள் திணறினால் அது கோழைத்தனம் இல்லை.

கேலி தாங்காமல் நண்பர் ஒரு வழி கண்டுபிடித்தார். வாயில் போடுவது போல் போட்டு, நைஸாக டிஷ்யூ பேப்பரில் துப்பிவிடுவது. வீட்டிலும் சொல்லவில்லை, டாக்டரிடமும் சொல்லவில்லை. மூன்று மாத சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி டெஸ்ட் மட்டும் சொல்லிவிட்டது. ரிசல்ட் எகிறியிருந்தது. பாவம் டாக்டர், டோஸ் போதவில்லை என்று நினைத்து 500-ஐ 1000 ஆக்கினார். சின்ன மாத்திரையை விழுங்காததற்குத் தண்டனை, பெரிய மாத்திரை!

சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை இது. அடுத்து இன்னொரு மருந்து சேரும். சீட்டில் டோஸ் ஏறிக்கொண்டே போகும். உடம்பிலோ சர்க்கரை ஏறிக்கொண்டே போகும். என்றைக்காவது ஞானோதயம் வந்து சீட்டில் உள்ள எல்லாவற்றையும் ஒழுங்காக விழுங்கினால், சில மருந்துகளில் சர்க்கரை தடாலென்று கீழே இறங்கி மயக்கமே வரலாம்.

"நுணுக்கித் தேன்ல குழைச்சுக் குடுத்துடறேனே" என்றார், விஷயம் தெரிந்ததும் அவர் அம்மா. பாட்டி காலத்துச் சூரணத்துக்கு அது சரி. அட்டையில் மருந்தின் பெயருக்குப் பக்கத்தில் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., சி.ஆர். என்று இருந்தால் கூடாது. மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைய வேண்டிய மருந்து அது. நுணுக்கினால் மொத்தமும் ஒரேயடியாக இறங்கும். அரையாக உடைப்பதற்கும் டாக்டரையோ கெமிஸ்ட்டையோ கேட்க வேண்டும். இலக்கணம் உதவாது.

சரி, எப்படித்தான் விழுங்குவது? ஜெர்மனியில் ஹைடல்பர்க் யூனிவர்சிட்டிக்காரர்கள் 151 பேரை வைத்துப் பார்த்து 2014-ல் இரண்டு வழி சொன்னார்கள்.

மாத்திரைக்கு பாட்டில் வைத்தியம். மெல்லிய பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, மாத்திரையை நாக்கில் வைத்து, பாட்டில் வாயை உதட்டால் இறுக்கி, காற்றுப் போகாமல் உறிஞ்சியபடியே தலையைப் பின்னால் சாய்த்து விழுங்க வேண்டும். சுமார் 60 சதவீதம் முன்பைவிடச் சுலபமாக இறங்கியது. 'எச்சில் பண்ணாதே' என்று வளர்ந்தவர்கள் தனி பாட்டில் வைத்துக்கொள்ளவும்.

கேப்சூலுக்கு நேர் எதிர். அது தண்ணீரில் மிதக்கிற ஜாதி. அண்ணாந்தால் பல்லுப் பக்கம் வந்து நிற்கும். நாக்கில் வைத்து, ஒரு வாய் தண்ணீர் எடுத்து, முகவாயை நெஞ்சை நோக்கிக் குனிந்து விழுங்கினால் தொண்டைப் பக்கம் மிதந்து போகும். இதில் கிட்டத்தட்ட 89 சதவீதம் பலன்.

எதுவானாலும் முதலில் ஒரு வாய் தண்ணீர் குடித்துத் தொண்டையை நனையுங்கள். விழுங்கிவிட்டு உடனே படுக்காதீர்கள். வாழைப்பழத் துண்டில் பொதிந்து விழுங்குவது சிலருக்குக் கை கொடுக்கும். ஆனால் தைராய்டு மாத்திரை போல வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டியதற்கு உதவாது. சாப்பாடே தொண்டையில் நிற்கிறது, தண்ணீர் குடித்தாலே இருமுகிறது என்பவர்களுக்கு இந்த வித்தை எதுவும் வேண்டாம். நேரே டாக்டரிடம் போக வேண்டும்.

நண்பரும் கடைசியில் போனார். ஆறடியும் நாலடியாகக் குறுகி, "இறங்க மாட்டேங்குது டாக்டர்" என்றார்.

டாக்டர் சிரிக்கவில்லை. "இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே!" என்று 1000-ஐ அடித்துவிட்டு, இரண்டு 500 எழுதினார். சில மருந்துகளில் சிரப் உண்டு, சிலவற்றில் அதே மருந்து சின்ன சைஸில் வேறு கம்பெனியில் உண்டு. கேட்டால்தான் தெரியும். அடுத்த டெஸ்ட்டில் நம்பர் இறங்கியிருந்தது.

எனவே தொண்டையில் மாத்திரை நின்றாலும் பரவாயில்லை, வார்த்தை நிற்கக்கூடாது. அடுத்த தடவை டாக்டர் வாயைத் திறந்து 'ஆ' காட்டச் சொல்லும்போது, கையோடு இதையும் சொல்லிவிடுங்கள்.

'ஆ' நெடில். ரெண்டே மாத்திரை நேரம்தான் ஆகும்!