ஒளித்து வைத்த மரம்!

ஆஸ்திரேலியாவில் சிட்னி நகருக்கு வடக்கே, காரில் சுமார் இரண்டு மணி நேரம் போனால் ஹண்டர் பள்ளத்தாக்கு வரும். அங்கே எங்கு பார்த்தாலும் திராட்சைத் தோட்டம்தான். வகிடு எடுத்துச் சீவிய தலை போல, வரிசை வரிசையாகக் கொடிகள்! 19-ம் நூற்றாண்டு முதலே இங்கே திராட்சை மது தயாரிக்கிறார்கள். ருசி பார்ப்பதற்கென்றே விடுமுறை நாட்களில் கூட்டம் வருகிறது.

வந்தவர்களில் பலர் அதோடு திரும்பிவிடுகிறார்கள். தோட்டத்துக்கு அப்பால் நீலமாகத் தெரியும் மலைகளை ஏறிட்டுப் பார்ப்பதோடு சரி. பார்க்க வேண்டியதே அந்த மலைகளில்தான் இருக்கிறது.

யெங்கோ, வொல்லமை என்று அங்கே இரண்டு தேசியப் பூங்காக்கள். பூங்கா என்றதும் பூச்செடியும் ஊஞ்சலும் நினைவுக்கு வர வேண்டாம். அத்தனையும் கரடுமுரடான காடு. வொல்லமை மட்டும் சுமார் 5 ஆயிரம் சதுர கிலோ மீட்டர்! கத்தியால் வெட்டியது போன்ற பாறைப் பிளவுகள். பல இடங்களுக்குப் பாதையே கிடையாது.

யெங்கோ மலையின் உச்சி தட்டையாக இருக்கும். அது ஏன்? அந்த மண்ணின் ஆதிகுடிகள் ஒரு கதை சொல்கிறார்கள். உலகைப் படைத்த பையாமி, வேலை முடிந்ததும் இந்த மலையில் கால் ஊன்றி வானத்துக்குத் தாவினாராம். மிதித்த மிதியில் உச்சி அமுங்கிவிட்டதாம்!

கயிற்றில் இறங்கியவர் கண்டது

1994-ம் ஆண்டு. டேவிட் நோபிள் என்ற பூங்கா அதிகாரி, வொல்லமையில் ஓர் ஆழமான பிளவுக்குள் கயிறு கட்டி இறங்கினார். அடியிலே விசித்திரமான மரங்கள் நின்றன. பட்டையெல்லாம் கொதிக்கும் பாகு போலக் கொப்புளம் கொப்புளமாக இருந்தது. உதிர்ந்து கிடந்த கிளையை எடுத்து வந்து நிபுணர்களிடம் காட்டினார். அவர்கள் திகைத்துப் போனார்கள்.

இந்த இனத்தின் அடையாளங்கள் அதுவரை பழங்காலப் பாறைகளில் மட்டுமே கிடைத்திருந்தன. 9 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை கூட உண்டு. பூண்டோடு அழிந்தது என்று நினைத்த இனம், 40 மீட்டர் உயரத்துக்கு வளர்ந்து நிற்கிறது! காட்டிலே வளர்ந்த மரங்கள் நூறு கூட இல்லை.

அரசாங்கம் அந்த இடத்தை ரகசியமாக வைத்தது. இன்றும் ரகசியம்தான்.

"மக்கள் பணத்தில் காக்கும் மரத்தை மக்கள் பார்க்கக் கூடாதா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நடந்தது என்ன? தடையை மீறிச் சிலர் தேடிப் போனார்கள். 2005-ம் ஆண்டில் அந்த இடத்து மண்ணில், வேரை அழுகச் செய்யும் கிருமி ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. போனவர்களின் காலணியில் ஒட்டிய மண்ணோடு அது வந்திருக்க வேண்டும் என்று அதிகாரிகள் கருதுகிறார்கள். ஆசையோடு பார்க்கப் போனவர்களே எமனைக் கூட்டிப் போனது போல் ஆயிற்று! ரகசியம் சரியே.

தீ வந்தது!

2019 அக்டோபரில் அந்தக் காட்டில் மின்னல் விழுந்து தீப்பற்றியது. வாரக்கணக்கில் எரிந்து, 12 லட்சம் ஏக்கருக்கு மேல் சாம்பலாக்கியது. மரங்களைக் காப்பாற்ற வீரர்கள் ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் இறங்கினார்கள். குழாய் பதித்துத் தண்ணீர் தெளித்தார்கள். விமானங்கள் தீயைத் தடுக்கும் கலவையைக் கொட்டின. சில மரங்கள் கருகின. தோப்பு பிழைத்தது.

திராட்சைத் தோட்டங்கள் எரியவில்லையே என்று ஆறுதல் கொள்ள முடியவில்லை. வாரக்கணக்கில் சூழ்ந்த புகை, பழத்தின் தோலில் ஏறிவிட்டது. அந்தப் பழத்தில் மது செய்தால் சாம்பல் வாடை அடிக்கும். 2020-ம் ஆண்டு அறுவடையைப் பல தோட்டக்காரர்கள் கைவிட்டார்கள். காடு வேறு, தோட்டம் வேறு என்று இருந்தவர்களுக்கு அப்போதுதான் உறைத்தது.

மரத்தைப் பார்த்தே தீர வேண்டும் என்பவர்கள் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. சிட்னி தாவரவியல் தோட்டத்தில் பார்க்கலாம். 2006 முதல் கன்றுகளும் விற்பனைக்கு வந்துவிட்டன. தொட்டியிலேயே வளரும். காட்டைப் பார்க்கப் போகிறவர்கள் தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்ளட்டும். போகும் வழியை வீட்டிலே சொல்லிவிட்டுப் போகட்டும். முக்கியமாக, காலணியைக் கழுவிவிட்டுப் போகட்டும்.