‘முடியாது’ என்பதும் வைத்தியம்தான்!

‘வீட்டை வித்தாவது பணம் கட்டிடறோம் டாக்டர். பையனே பாதி ஈரல் தர்றேங்கறான். அப்புறமும் ஏன் முடியாதுங்கறீங்க?’ ஈரல் புற்றுநோய் வந்தவர் வீட்டில் எழும் நியாயமான ஆத்திரம் இது. ஆனாலும், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

கட்டி பெரிதாகி ரத்தக்குழாய்க்குள் நுழைந்துவிட்டால், புற்று அணுக்கள் உடம்பில் வேறெங்காவது போய் ஒளிந்திருக்கலாம். பழைய ஈரலை எடுத்துவிட்டாலும் அவை போகாது. புது ஈரலை உடம்பு ஒதுக்காமலிருக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை தந்தாக வேண்டும். அது நோய்க்கும் சாதகமாகிவிடும்! 1980-களில் பெரிய கட்டிக்காரர்களுக்கும் மாற்று ஈரல் வைத்துப் பார்த்தார்கள். பலருக்கு நோய் திரும்பவே, டாக்டர்களே சோர்ந்து போனார்கள்.

1996-ல் இத்தாலியின் மிலான் நகர டாக்டர் மஸ்ஸஃபெர்ரோ குழுவினர் ஒரு கோடு போட்டார்கள். ஒரே கட்டியென்றால் 5 செ.மீ.க்குள், இரண்டு, மூன்று என்றால் ஒவ்வொன்றும் 3 செ.மீ.க்குள். ரத்தக்குழாயிலோ, ஈரலுக்கு வெளியிலோ பரவியிருக்கக் கூடாது. இப்படிப் பொறுக்கியெடுத்த 48 பேரைக் கவனித்ததில், நாலு வருஷம் தாண்டும் வாய்ப்பு 75 சதவிகிதம்!

‘அப்ப அஞ்சரை செ.மீ. இருந்தா சாக வேண்டியதுதானா?’ என்பீர்கள். இல்லை. 2001-ல் சான் ஃபிரான்சிஸ்கோ டாக்டர்கள், ஒரே கட்டியென்றால் 6.5 செ.மீ. வரை தளர்த்தினார்கள். இன்று ஏ.எஃப்.பி. ரத்தப் பரிசோதனையையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். கட்டிக்குப் போகும் ரத்தத்தை அடைத்தோ, சூட்டில் பொசுக்கியோ சுருக்கி, சில மாதம் அடங்கியிருந்தால் ஆபரேஷனுக்கு எடுத்துக்கொள்வதும் உண்டு. ஆகவே, ‘முடியாது’ என்றால் சண்டைக்குப் போகாதீர்கள். ‘சுருக்கிப் பார்க்க வழியுண்டா?’ என்று கேளுங்கள்.

ஆனால், பணமோ பாசமோ அந்தக் கோட்டை அழிக்கக் கூடாது என்பதுதான் என் கட்சி. நம் நாட்டில் ஈரல் தருவது பெரும்பாலும் வீட்டு மனுஷர்தான். ஒரு நோயும் இல்லாத பிள்ளையின் வயிற்றில் கத்தி வைக்கிறோம். அபூர்வமாக என்றாலும் அதில் உயிராபத்து உண்டு. அப்பா பிழைக்க நல்ல வாய்ப்பிருந்தால் அது தியாகம். நோய் திரும்பும் என்று தெரிந்தே செய்தால்? மகனுக்குத் தழும்பு, வீட்டுக்குக் கடன், அப்பாவும் இல்லை! இறந்தவர் தானமாக வந்த ஈரல் என்றாலோ, பிழைக்கக்கூடிய இன்னொருவர் வரிசையில் காத்திருக்கிறார்.

கோட்டோடு சண்டை போடுவதைவிட, கோட்டுக்குள் இருக்கும்போதே நோயைப் பிடிப்பது நம் கையில் இருக்கிறது. சின்னக் கட்டி வலிக்காது, தானாகத் தெரியாது. வீட்டில் யாருக்காவது ஈரல் சுருக்கம் இருந்தால் ஆறு மாசத்துக்கு ஒரு முறை அல்ட்ரா சவுண்ட் ஸ்கேன் எடுத்துவிடுங்கள். ஹெபடைடிஸ் பி இருப்பவர்கள், தங்களுக்கும் அது தேவையா என்று டாக்டரைக் கேளுங்கள்.

‘நல்லாத்தானே இருக்கேன்’ என்று சொல்பவரைத்தான் முதலில் கூட்டிப் போகணும்!