ஆறியும் அடங்காத தழும்பு



சென்ற இதழின் காது குத்துக் கட்டுரைக்கு வந்த கடிதங்களில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப இருந்தது. "குத்தின இடத்தில் கட்டி மாதிரி வளருதே, காரப்பேட்டைக்குப் போகணுமா?" சின்ன காஞ்சிபுரத்தில் காரப்பேட்டை என்றாலே புற்றுநோய் மருத்துவமனைதான். அந்தப் பயம் வேண்டாம். இது கீலாய்டு; புற்றுநோயும் அல்ல, ஒட்டிக்கொள்வதும் அல்ல.

மடலுக்குப் பின்னால் கடலை அளவில் பளபளவென்று தொடங்கும். அரிக்கும். பாக்கு அளவுக்கு வளர்ந்தால் ஜிமிக்கி போடவே முடியாது. சாதாரணத் தழும்பு காயத்தோடு நின்றுவிடும். இது பக்கத்து நல்ல தோலுக்கும் பரவும். நெஞ்சிலும் தோளிலும் வரும், பிசிஜி ஊசி போட்ட இடத்திலும் வரும். கருத்த தோல்காரர்களுக்கு அதிகம். சில குடும்பங்களில் தொடர்ந்து வரும்.

புண்ணை மூடக் கொலாஜன் என்ற புரதத்தைச் சுரக்கும் செல்கள் வேலை முடிந்தும் ஓய்வதில்லை. அவற்றை ஆட்டுவிப்பது எது? நம் மரபணுத் தொகுதியில் புரதத்துக்கான குறிப்பு இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. மீதியைக் குப்பை என்றுகூடச் சொல்லி வந்தார்கள். அங்கே உருவாகும் ஆர்.என்.ஏ.க்கள் சில, தாம் புரதமாகாமலே மற்றப் புரதங்களின் அளவைத் தீர்மானிக்கின்றன. தறிக்காரர்களுக்கு இது சட்டென்று புரியும்: ஜக்கார்டு அட்டையிலிருந்து ஓர் இழைகூடச் சேலைக்குள் போவதில்லை, ஆனால் எந்தப் பாவு இழை எழும்ப வேண்டும் என்பது அதன் ஓட்டைகளில்தான் இருக்கிறது. விக்டர் ஆம்ப்ரோஸும் கேரி ருவ்கனும் 1993இல் ஒரு சின்னப் புழுவில் கண்ட இத்தகைய மைக்ரோ ஆர்.என்.ஏ.வுக்கு 2024இல் நோபல் பரிசு கிடைத்தது.

கொலாஜனை அடக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ. 29 கீலாய்டில் குறைந்து கிடக்கிறது. வளர்ச்சியைத் தூண்டும் 21 கூடியிருக்கிறது. 29ஐப் போலச் செயற்கையாகச் செய்த ரெம்லார்செனை அமெரிக்காவில் மனிதத் தோலில் ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள். கொலாஜன் மரபணுக்களின் வேகம் தணிந்தது. ஆனாலும் அது சிகிச்சைக்கு வரவில்லை, ஆர்.என்.ஏ. க்ரீம் என்று யாராவது விற்றால் காசைக் கரியாக்காதீர்கள்.

இன்று கையில் இருப்பது ட்ரையம்சினலோன் ஊசிதான். சில வாரங்களுக்கு ஒருமுறை, கெட்டித் தழும்புக்குள்ளேயே செலுத்துவார்கள். வலிக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும். வெட்டி எடுப்பதோடு விட்டால் பாதிப் பேருக்காவது திரும்ப வரும். அதனால்தான் அறுவைக்குப் பின் ஊசியோ, மடலை அழுத்தும் கிளிப்போ, சிலருக்குக் கதிர்வீச்சோ தருகிறார்கள். நூல் கட்டி அறுக்கிற வேலை வேண்டவே வேண்டாம்.

11 வயதுக்குப் பின் குத்தினால் கீலாய்டு அதிகம் வருகிறது என்று 2005இல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. பச்சைக் குழந்தையிலேயே குத்திவிடும் பாட்டிகள் இதைப் படித்தால், "நாங்க அப்பவே சொன்னோமே" என்று சும்மா விடமாட்டார்கள்! சிக்கல், கல்லூரி நாளில் ஆசைக்குக் குத்தும் இரண்டாவது, மூன்றாவது ஓட்டைகளில். வீட்டில் யாருக்காவது கீலாய்டு இருந்தால் அந்த ஆசையை விடச் சொல்லுங்கள்.

அடுத்த இதழில் தோல் மருத்துவர் ஒருவர் பதில் எழுதுகிறார். கேள்வி அனுப்புவோர் எந்த வயதில் குத்தியது, வீட்டில் வேறு யாருக்கு இருக்கிறது என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்