ஃபால்: சொல்லும் பொருளும்

“வரன் வந்தது, பால் கிதாபு பார்த்தோம், சரியாக வரவில்லை, வேண்டாமென்று சொல்லிவிட்டோம்.” இவ்வாறு கூறும் பெரியவர்கள் நம்மிடையே உண்டு. குணத்தாலும் மார்க்கப் பற்றாலும் சிறந்த ஒரு மாப்பிள்ளையை, விரல் விழுந்த ஒரு கட்டம் தள்ளிவிடுகிறது. நாம் ‘பால்’ என வழங்கும் ‘ஃபால்’ என்னும் அரபுச் சொல்லின் பொருள் இதுதானா?

இதனை அறிய, இதற்கு எதிரான ‘தியரா’ என்னும் சொல்லை முதலில் அறிதல் வேண்டும். ‘தைர்’ என்றால் பறவை. அறியாமைக் கால அரபிகள் பயணம் புறப்படுமுன் பறவையை விரட்டிவிட்டு, அது பறக்கும் திசையை நோக்குவர். திசை பிழைத்தால் பயணத்தையே கைவிடுவர். எனவே தீய சகுனம் பார்ப்பது ‘தியரா’ எனப் பெயர் பெற்றது. வடமொழிச் ‘சகுனம்’ என்பதும் பறவையைக் குறிக்கும் சொல்லே. பழந்தமிழில் ‘புள்’ என்பதற்கும் பறவை, நிமித்தம் என இரு பொருள் உண்டு.

தியராவை மறுத்த அண்ணல் நபி (ஸல்) அவர்கள், ஃபால் தமக்கு விருப்பமானது என்றார்கள். அது யாது எனத் தோழர்கள் வினவியபோது, நல்ல சொல் என விளக்கினார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் இது பதிவாகியுள்ளது. ஹிஜ்ரி 6-ஆம் ஆண்டில் (கி.பி. 628) ஹுதைபிய்யாவில் குறைஷியரின் தூதராக சுஹைல் வந்தார். எளிமை என்னும் பொருள் ஒலிக்கும் அப்பெயரைக் கொண்டே, காரியம் எளிதாயிற்று என்று நபியவர்கள் நற்செய்தி கூறினார்கள். சமாதானத்திற்கு அவர்கள் முன்னரே ஆயத்தமாயிருந்தார்கள். பெயர் முடிவை மாற்றவில்லை, உள்ளத்திற்கு உவகையூட்டியது.

பிற்காலத்தில் இச்சொல் தடம் மாறிற்று. பாரசீகத்தில் கவிஞர் ஹாஃபிஸின் தொகுப்பைத் திறந்து பலன் காண்பதும், துருக்கியில் காப்பிக் கோப்பையின் மண்டியில் குறி பார்ப்பதும் ‘ஃபால்’ ஆயின. நம்மிடையே கிதாபின் கட்டமும் அப்பெயரைப் பெற்றது. ஆனால், தானாகச் செவியில் விழும் நல்ல சொல் வேறு. மறைவானதைத் தேடிச் சென்று குறி கேட்பது வேறு. அம்புகளைக் கொண்டு குறி கேட்பதைத் திருமறை (5:90) மதுவோடும் சூதோடும் சேர்த்து விலக்கியிருப்பதை நாம் மறக்கலாகாது.

வரன் வந்தால் நன்கு விசாரியுங்கள். பெண்ணின் விருப்பத்தைக் கேளுங்கள். இரண்டு ரக்அத் தொழுது, இஸ்திகாரா துஆ ஓதி, முடிவை அல்லாஹ்விடம் ஒப்படையுங்கள். பின்னர், கலங்கி நிற்கும் அந்தத் தாயிடம் ஆறுதலாக ஒரு நல்ல சொல் கூறுங்கள். அதுவே ஃபால்.