சிசேரியன் தழும்பில் தங்கும் கரு! 2-வது பிரசவத்துக்கு 7 வாரத்துக்குள் ஸ்கேன் ஏன் அவசியம்?

யூரின் டெஸ்டில் கர்ப்பம் உறுதியானதும் வீடே சந்தோஷப்படுகிறது. ஆனால், கரு எங்கே தங்கியிருக்கிறது? முதல் பிரசவம் சிசேரியன் என்றால், இந்தக் கேள்விதான் உயிரைக் காப்பாற்றும்.

100 கர்ப்பத்தில் 1 அல்லது 2-ல் கரு இடம் மாறித் தங்கி விடுகிறது. இதில் 90 சதவீதத்துக்கு மேல் கருக்குழாயில்தான். அபூர்வமாக, பழைய சிசேரியன் தழும்பிலேயே கரு ஒட்டிக்கொள்ளும். சுமார் 2 ஆயிரம் கர்ப்பத்தில் ஒன்று இப்படி ஆகிறது.

தமிழ்நாட்டில் ஏன் கவலை?

தேசிய குடும்பநல ஆய்வின்படி 2015-16-ல் தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் 34 சிசேரியன். 2019-21-ல் இது 45 ஆனது. தனியார் ஆஸ்பத்திரிகளில் மட்டும் 64. தழும்போடு அடுத்த குழந்தைக்குத் தயாராகும் பெண்கள் பெருகி விட்டார்கள் என்பதுதான் இதன் அர்த்தம்.

கண்ணை ஏமாற்றும்

இந்தக் கரு கர்ப்பப்பையின் அடிப்பக்கத்தில் இருக்கும். அவசரமாகப் பார்த்தால் கரு கலைந்து இறங்குவது போலத் தெரியும். அப்படி நினைத்து கர்ப்பப்பையை சுத்தம் செய்தால் ரத்தம் பீறிடும். கர்ப்பப்பையையே எடுக்க வேண்டிய நிலை கூட வரலாம்.

கலைந்த கரு என்றால், ஸ்கேன் கருவியால் லேசாக அழுத்தும்போது நகரும். சுற்றிலும் ரத்த ஓட்டம் இருக்காது. தழும்பில் ஒட்டிய கரு நகராது. சுற்றிலும் ரத்த ஓட்டம் தெரியும். வயிற்றின் மேல் வைத்து எடுப்பதை விட, பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் ஸ்கேனில்தான் இது தெளிவாகத் தெரியும். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. ஒலி அலைதான், எக்ஸ்ரே கதிர் கிடையாது.

சம்பளம் போகுமே என்று 3 மாதம் வரை ஸ்கேனைத் தள்ளிப் போடுவது ஆபத்து. நாளாக ஆக கரு மேல்நோக்கி வளரும். அப்போது சாதாரண கர்ப்பம் போலவே தெரியும். 6, 7 வாரத்தில் கண்டுபிடித்தால் ஊசி மருந்து அல்லது சிறு ஆபரேஷன் மூலம் பெரும்பாலும் கர்ப்பப்பையைக் காப்பாற்றி விடலாம்.

சட்டம் தடுக்கிறதா?

1994-ம் ஆண்டு சட்டம் தடை செய்வது ஆணா, பெண்ணா என்று பார்ப்பதைத்தான். கரு எங்கே இருக்கிறது என்று பார்க்க எந்தத் தடையும் இல்லை.

எனவே ஸ்கேன் அறைக்குள் போனதும், "எனக்கு ஏற்கனவே சிசேரியன் ஆகியிருக்கு, கரு தழும்புல இருக்கான்னு பாருங்க" என்று வாய் திறந்து சொல்லி விட வேண்டும். ரத்தப்போக்கு, அடிவயிற்று வலி, மயக்கம் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும்.