மழை மேல பழி போடாதீங்க பாஸ்!

ஐப்பசி அடைமழைல ஸ்ரீரங்கத்துல எந்தத் தெருவுல நின்னாலும் ஒரே டயலாக்தான் கேட்கும். ‘மழை பெய்யுதுல்ல... அதான் டிஷ் எடுக்கல!’ சரி, மழை நின்னு ஒரு மணி நேரமாகியும் எடுக்கலையே, அதுக்கும் மழைதான் காரணமா? இல்லவே இல்ல பாஸ். குற்றவாளி உங்க மொட்டை மாடியிலதான் இருக்கான். சைஸ்? சுண்டு விரல் நுனி அளவு!

இதுல ரெண்டு வியாதி இருக்கு, குழப்பிக்காதீங்க. டிஷ்ஷுக்கு வர்ற கு-பேண்ட் அலையோட நீளம் ஏறக்குறைய ரெண்டரை சென்டிமீட்டர். கனமழை அதைக் கொஞ்சம் உறிஞ்சிடும், கொஞ்சம் சிதறடிச்சிடும். அதனால படம் கட்டம் கட்டமா உடையும். மழை குறைஞ்சதும் தானா வந்துடும், இதுக்கு நீங்க செய்ய ஒண்ணுமில்ல. ஆனா மழை விட்ட பிறகும் படம் வரல, மறுநாள் வெயில் ஏறினதும் வந்துடுதுன்னா அது ரெண்டாவது வியாதி. எல்.என்.பி.யையும் கேபிளையும் இணைக்கிற எஃப் கனெக்டருக்குள்ள தண்ணி போயிருக்கு.

இன்னொரு க்ளூ தர்றேன். எல்லா சேனலும் போகாம சிலது மட்டும் போகுதா? செட்-டாப் பாக்ஸ் அதே கேபிள் வழியாத்தான் எல்.என்.பி.க்குக் கரன்ட் அனுப்புது. 13 வோல்ட் கொடுத்தா ஒரு வகை சேனல், 18 வோல்ட் கொடுத்தா இன்னொரு வகை. கனெக்டர் துருப்பிடிச்சு வோல்டேஜ் நடுவுலயே விழுந்துட்டா, 18 போய்ச் சேர வேண்டிய இடத்துல குறைச்சலாப் போகும். ஒரு செட் சேனல் மொத்தமா காலி! எங்க கிளாஸ்ல பாதிப் பேரைத் தூங்க வைக்கிற டிரான்ஸ்மிஷன் லைன்ஸ் பேப்பரை இப்படி மொட்டை மாடில நடத்தினா யாரு தூங்குவா, சொல்லுங்க?

கரன்ட் ஓடுற இடத்துல தண்ணியும் சேர்ந்தா என்ன ஆகும்? பிளஸ் டூ கெமிஸ்ட்ரி ஞாபகம் இருக்கா, மின்பகுப்பு? நடுக் கம்பியோட செம்பு கரைஞ்சு, பித்தளைப் பாத்திரத்துல வருமே, அந்த மாதிரி பச்சைக் களிம்பு பூக்கும். விலை குறைஞ்ச கேபிள்ல நடுக் கம்பி முழுச் செம்பு இல்ல. இரும்புக் கம்பி மேல செம்புப் பூச்சு. பூச்சு போச்சுன்னா துருதான்.

‘நாங்க கறுப்பு டேப் சுத்தியிருக்கோமே’ன்னு சொல்வீங்க. அதுதான் நம்ம ஊர்ல ஆபத்தே! சித்திரை வெயில்ல மொட்டை மாடியில கால் வைக்க முடியுமா? அந்தச் சூட்டுல இன்சுலேஷன் டேப்போட பசை உருகி வழிஞ்சு, டேப் ஓரம் தூக்கிக்கும். அப்புறம் பகல்ல கனெக்டருக்குள்ள இருக்கிற காத்து விரிஞ்சு வெளியே போகும், ராத்திரி குளிர்ந்ததும் வெளிக்காத்தை உள்ளே இழுக்கும். ஒரு பக்கம் காவிரி, மறு பக்கம் கொள்ளிடம், நடுவுல தீவு. மழைக்காலத்து ராத்திரி அந்தக் காத்துல எவ்வளவு ஈரம் இருக்கும்னு கேட்கவா வேணும்? உள்ளே போன ஈரம் கேபிளோட பின்னல் கம்பி வழியா திரி எண்ணெயை உறிஞ்சுற மாதிரி ஊறிக்கிட்டே போகும். பாலித்தீன் பையைக் கட்டி வைக்கிறது அதைவிட மோசம், உள்ளேயே வேர்க்கும்.

வைத்தியம் சிம்பிள். மழை இல்லாத, காய்ஞ்ச மத்தியான நேரமா பாருங்க. ஈரத்தோட மூடினா ஈரத்தைப் பூட்டி வைக்கிறதுதான். செட்-டாப் பாக்ஸோட பிளக்கைப் பிடுங்கிட்டு மேல ஏறுங்க. கனெக்டரைக் கழட்டிப் பாருங்க. களிம்பு இருந்தா அதைச் சுரண்டிட்டு மறுபடி மாட்டாதீங்க. கேபிள் கறுத்திருக்கிற வரைக்கும் வெட்டிட்டு, புது கனெக்டர் போடுங்க. கையால திருகி ஏத்துறது வேண்டாம். கருவி வெச்சு அழுத்திப் பொருத்துற கம்ப்ரெஷன் டைப்தான் உறுதி.

அடுத்தது ஹீரோ: செல்ஃப் அமால்கமேட்டிங் டேப். பசையே கிடையாது! நல்லா இழுத்துச் சுத்தினா ரப்பர் தன் மேலேயே ஒட்டி ஒரே உருண்டையாயிடும். எப்பவும் கீழே இருந்து மேலே சுத்துங்க, ஒரு சுத்து முந்தின சுத்தைப் பாதி மூடணும். ஓட்டு வீட்டுக்கு ஓடு வேயற டெக்னிக்தான், மேல் ஓடு கீழ் ஓட்டை மூடும். அது மேல வெயிலுக்குக் குடையா பழைய கறுப்பு டேப்பைச் சுத்திக்கலாம். சிலிக்கான் பூசணும்னா புளிப்பு வாடை அடிக்கிறதை வாங்காதீங்க. அது அசிட்டிக் ஆசிட், செம்பை அரிக்கும். எம்-சீல்? அடுத்த தடவை கழட்ட சுத்தியல் தேவைப்படும்!

எல்.என்.பி.யைத் திருப்பி வெச்சதுல கேபிள் வாய் பக்கவாட்டுல பார்க்குதான்னும் பாருங்க. அப்படின்னா கனெக்டர் கிட்டேயே கேபிளைக் கீழே தொங்கலா ஒரு வளைவு விடணும். தண்ணி அந்த அடி வளைவுல சொட்டிடும், கனெக்டர் பக்கம் ஓடாது. சுவத்துக்குள்ள நுழையற இடத்துலயும் இதே மாதிரி ஒரு தொங்கல்.

ஒரு டி.வி.க்கு இவ்வளவு அலட்டலான்னு கேட்கிறவங்களுக்கு... ஸ்ரீரங்கத்துல எத்தனையோ வீட்ல பிள்ளைங்க வெளியூர்ல, வயசானவங்க மட்டும் இங்க. 2004 டிசம்பர்ல டி.டி. டைரக்ட் ப்ளஸ்னு ஆரம்பிச்சு இப்ப டி.டி. ஃப்ரீ டிஷ்னு ஓடுறதுக்கு மாசக் கட்டணமே இல்லாததால பல பேர் அதை நம்பி இருக்காங்க. மார்கழியில வைகுண்ட ஏகாதசி விடியக்காலம் சொர்க்கவாசல் கூட்டத்துல நிக்க முடியாத பாட்டிக்கு டி.வி. நேரலைதான் தரிசனம். பக்கத்துத் தெருக் காட்சி, வானத்துல 36,000 கிலோமீட்டர் ஏறி இறங்கி அவங்க வீட்டு மாடிக்கு வந்து, கடைசி ஒரு சென்டிமீட்டர்ல செத்துப் போனா எப்படி இருக்கும்?

அவங்ககிட்ட யாராவது ‘எல்.என்.பி. போச்சு, புதுசு மாத்தணும்’னு சொன்னா, முதல்ல கனெக்டரைக் கழட்டிக் காட்டச் சொல்லுங்க. பச்சையா இருந்தா மாத்த வேண்டியது கனெக்டரை. நீங்களே ஏறப் போறீங்கன்னா ஈர மாடி, கைப்பிடிச் சுவர் இல்லாத ஓரம், பக்கத்துல மின் கம்பி... இதுல எது இருந்தாலும் ஏறாதீங்க. ஆளைக் கூப்பிட்டு, டேப்பை மட்டும் நீங்க வாங்கிக் கொடுங்க!