விருந்தினர்க்குக் காட்டாத மதுரை

மதுரைக்கு வெளியூரிலிருந்து உறவினர் வருகின்றனர். தங்குவது ஒருநாள். அவர்களை எங்கே அழைத்துச் செல்வது என்னும் வினா எழுந்தவுடன் வீட்டுக்காரரும் விடுதிக்காரரும் வண்டியோட்டியும் ஒரே விடையைத் தருகின்றனர்: காலையில் அங்கயற்கண்ணி கோயில், வெயிலேறியபின் திருமலை நாயக்கர் அரண்மனை, மாலையில் வண்டியூர்த் தெப்பக்குளம். இன்னுமொரு நாள் மிஞ்சினால் கோடைக்கானல். இவ்வளவே மதுரை என்றெண்ணி வந்தவர் திரும்புகிறார். அழைத்துச் சென்றவரும் அவ்வாறே எண்ணியிருக்கிறார் என்பதுதான் பெருங்கேடு.

கோயில் காணத்தக்கதே, அதில் எவர்க்கும் ஐயமில்லை. ஆயின் அரண்மனையும் தெப்பக்குளமும் எவர் காலத்தன? இரண்டும் 17ஆம் நூற்றாண்டில் நாயக்கர் ஆட்சியில் எழுந்தவை. கோயிலில் இன்று கண்ணைக் கவரும் மண்டபங்களுள்ளும் பெரும்பகுதி அவர்கள் காலத்தனவே. அவற்றின் கலைத்திறத்தைக் குறைத்துரைக்க வேண்டுவதில்லை. எனினும், பாண்டியன் தலைநகரைக் காண வந்தவனுக்குப் பாண்டியன் காட்டப்பட்டானா?

பாண்டியன் மதுரையின் வடகிழக்கே, 25 கி.மீ. எல்லைக்குள், மாங்குளத்தையடுத்த மீனாட்சிபுரத்துக் குன்றின்மேல் இருக்கிறான். அங்குள்ள கல்முழைகளின் நெற்றியில் தமிழி எழுத்துகள் வெட்டப்பட்டுள்ளன. நெடுஞ்செழியன் என்னும் பெயர் அங்கே கல்லில் நிற்கிறது. அவனுக்குப் பணிபுரிந்த கடலன் வழுதியின் பெயரும் நிற்கிறது. வெள்ளறை வணிகக் குழுவினர் அளித்த கொடையும் எழுதப்பட்டுள்ளது. கி.மு. 2ஆம் நூற்றாண்டின என அறிஞர் கொள்ளும் எழுத்துகள் இவை. ஏட்டில் மட்டுமே அறியப்பட்ட ஓர் அரசப் பெயர் பாறையில் பொறித்த பெயராக நிற்பதைக் காணும் பேறு எத்தனை ஊர்க்கு வாய்க்கும்?

அக்கல்வெட்டில் 'தம்மம்' என்னும் பாகதச் சொல்லும் கலந்துள்ளது. அதனை மறைக்க வேண்டுவதில்லை. துறவியர்க்குப் பள்ளி அமைத்துத் தந்த செய்தியில் அவர்தம் சமயச்சொல் ஒன்று வருதல் இயல்பே. அதனைக் காட்டி அனைத்தும் வடவர் ஆக்கம் என்பார் சிலர். அவர்கள் அதே வரியிலுள்ள தமிழ்ப் பெயர்களைப் படிக்காதவர்கள்.

1882இல் இதனை முதலில் கண்டறிந்து உரைத்தவர் இராபர்ட் சீவெல் என்னும் ஆங்கிலேயர். இத்தகைய கல்வெட்டுகளின் மொழி தமிழே என்று கே.வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக்காட்டியது 1924இல். நெடுஞ்செழியன் பெயரை ஐராவதம் மகாதேவன் தெளிவாகப் படித்துக் காட்டியது 1965இல். அதன்பின் அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடிவிட்டது. இன்றும் மதுரைத் தெருக்களில் விற்கும் வழிகாட்டிச் சுவடியைப் புரட்டிப் பார்க்க. கோடைக்கானலுக்கு வழியும் வாடகையும் விரிவாக இருக்கும். மாங்குளத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது சீவெல் பட்ட பாட்டினும் பெரும்பாடு!

பெயரளவில் நடந்துள்ள கொடுமை வேறு. தமிழ்நாட்டில் எந்தக் குன்றில் துறவியர் கற்படுக்கை இருப்பினும் அதற்குப் 'பஞ்சபாண்டவர் படுக்கை' என்று பெயர்! பாரதத்து ஐவர் எந்த நாளில் இங்கே வந்து படுத்தனர்? கொடையளித்தவன் பெயர் படுக்கையின் தலைமாட்டிலேயே தமிழில் வெட்டியிருக்க, அதனைப் படிக்க மறந்த மக்கள் கதையிலிருந்து ஐவரைக் கொணர்ந்து படுக்கவைத்தனர். வருவோர்க்கு வழிகாட்டுவோரும் அதனையே ஓதுகின்றனர்.

பார்க்கப்படாத நிலம் பயனற்ற பாறையாக எழுதப்படும். இது வெறும் அச்சமன்று. மாங்குளத்துக்கு அணித்தான அரிட்டாபட்டியில் தமிழிக் கல்வெட்டும், பாறையைக் குடைந்த சிவன் கோயிலும், சமணத் திருவுருவின்கீழ் வட்டெழுத்தும் உள்ளன. அவ்வூரும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193 எக்டேர் நிலம் 2022 நவம்பரில் பல்லுயிர் மரபிடமாக அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் அவ்வகையில் அதுவே முதலாவது. இரண்டே ஆண்டுகள் சென்றன. 2024 நவம்பரில், அந்நிலத்தின் ஒருபகுதியையும் உள்ளடக்கி 2,015 எக்டேர் பரப்பு டங்கிசுட்டன் எடுப்பதற்கு நடுவணரசால் ஏலம் விடப்பட்டது.

அப்போது எழுந்தவர் எவர்? அவ்வூர் உழவரும் பெண்டிரும் மேலூர்ச் சுற்றுப்புற மக்களுமே. 2025 சனவரி 7ஆம் நாள் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை நோக்கி அவர்கள் நடந்தனர். சனவரி 23இல் ஏலம் நீக்கப்பட்டது. குன்றின் எழுத்தை அவருள் பலர் படித்தறியார். ஆயினும் குன்றை அறிவர். எழுத்தைப் படிக்கத் தெரிந்த மதுரை நகரத்தாருள் எத்தனை பேர் அதுவரை அக்குன்றில் கால்வைத்திருந்தனர்?

கீழடிக்கு இப்போது கூட்டம் வருகிறது, மகிழ்ச்சியே. 2023 மார்ச்சு 5ஆம் நாள் அங்கே அருங்காட்சியகம் திறக்கப்பட்டபின் வந்த மாற்றம் இது. மதுரையிலிருந்து 12 கி.மீ. சென்றால் ஆதன் என்னும் பெயர் கீறிய பானையோட்டைக் குழந்தைகள் காணலாம். வழியும் கூரையும் விளக்குவாரும் இருந்தால் தமிழர் வருவர் என்பதற்குக் கீழடியே சான்று. அதனை ஏனைய குன்றுகட்கும் செய்யாதது ஏன்?

மேற்கே கீழக்குயில்குடிச் சமணர் மலையைப் பார்க்க. அடியில் தாமரைக் குளமும் ஆலமரமும் அய்யனார் கோயிலும். மேலே பேச்சிப்பள்ளத்தில் வரிசையாகத் திருவுருவங்கள்; அவற்றின்கீழ் வட்டெழுத்து. குறண்டித் திருக்காட்டாம்பள்ளியைச் சார்ந்த ஆசிரியரும் மாணாக்கரும் அவ்வெழுத்துகளில் பேசப்படுகின்றனர். ஆயிரம் ஆண்டுகட்கு முன்னிருந்த ஒரு கல்விக்கூடத்தின் பெயர்ப்பட்டியல் அது! இத்தகைய பாறைகளில்தான் இன்றைய மாணாக்கர் சிலர் தம் பெயரையும் தம் காதலியர் பெயரையும் கீறிவிட்டு இறங்குகின்றனர். அவர்களை மட்டும் நொந்து பயனில்லை. அருகில் நிறுத்தி ஓரெழுத்தைப் படித்துக்காட்டிய ஆசிரியர் இருந்திருப்பின் அக்கை நடுங்கியிருக்கும்.

அரசு செய்யவேண்டுவன சில. மதுரையிலிருந்து மாங்குளம், அரிட்டாபட்டி, கீழடி, கீழக்குயில்குடி ஆகிய நான்கையும் இணைத்து விடுமுறை நாள்களில் ஒரு பேருந்து. ஒவ்வோரிடத்தும் கல்வெட்டின் வாசகத்தை இன்றைய எழுத்தில் பெயர்த்தெழுதிய பலகை. தண்டத்தொகையை மட்டும் அறிவிக்கும் பலகை போதாது. அவ்வூர் இளைஞர்க்கே பயிற்சி தந்து அவரையே விளக்குவோராக அமர்த்துதல்.

அதுவரை மதுரை வீட்டுக்காரர் காத்திருக்க வேண்டுவதில்லை. உறவினர் அடுத்தமுறை வரும்போது விடியலிலேயே புறப்படுக. வெயில் ஏறுமுன் மாங்குளத்துக் குன்றில் ஏறி நெடுஞ்செழியன் பெயரைக் குழந்தையின் விரலால் தொடாமல் சுட்டிக் காட்டச் சொல்லுக. அரிட்டாபட்டியில் ஊராரிடம் வழிகேட்டுச் செல்லுக. நண்பகலைக் கீழடியின் நிழலில் கழித்து, பொழுது சாயுமுன் சமணர் மலைக்கு வருக. கோயில் இரவிலும் திறந்திருக்கும். திரும்பி வந்து கும்பிட்டுக்கொள்ளலாம்.